வெள்ளை முயலும் வீசிங் வீடும்

கத்திரி வெயில் தொடங்கியதும், ஆலங்காயத்தில் முயல் வளர்க்கும் வீட்டுக்கு ஒரு சிக்கல் வந்து சேரும். முயலுக்கு வெயில் ஆகாது. கூண்டை உள்ளே கொண்டுவந்து மின்விசிறிக் காற்று படும்படி வைத்தால்தான் தாங்கும் என்று தோன்றும். அதே வீட்டில் வீசிங் உள்ள பிள்ளை ஒன்று இருந்துவிட்டால் போச்சு. அதன் நெஞ்சுக்கு முயல் உள்ளே வரவே கூடாது. முயலுக்கு நல்லது பிள்ளைக்கு ஆகாது, பிள்ளைக்கு நல்லது முயலுக்கு ஆகாது. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடும் திருப்பத்தூர் மாவட்டத்தில் இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

வழக்கமாக இரண்டு தீர்ப்புகள் கிடைக்கும். 'முதல்ல அந்த முயலைத் தூக்கி யாருக்காவது கொடுங்க' என்பது பெரியவர்களின் தீர்ப்பு. சில சமயம் மருத்துவரின் தீர்ப்பும் அதுதான். 'முயலை அனுப்பினா நான் சாப்பிடவே மாட்டேன்' என்பது பிள்ளையின் தீர்ப்பு. இந்த இரண்டுக்கும் நடுவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இழுப்பைக் கிளப்பிவிடுவது உண்மையில் முயல்தானா? அதைக் கேட்காமலே பல வீடுகளில் முயல் வெளியேறுகிறது. கேட்காமலே பல வீடுகளில் முயல் கட்டிலிலும் படுத்துக்கொள்கிறது. இரண்டுமே தப்பு, இரண்டாவது கூடுதல் தப்பு.

ஆலங்காயத்தை வெளியூர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்துவது காவலூர் தொலைநோக்கி. ஊரிலிருந்து ஜவ்வாது மலை ஏறும் சாலையில், கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். 1960களின் பிற்பகுதியில் வைணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அங்கிருந்த தெளிவான இருண்ட வானம் முக்கியக் காரணம். 2.3 மீட்டர் விட்டம் கொண்ட அங்குள்ள பெரிய தொலைநோக்கிக்கு 1986-இல் அவருடைய பெயரையே வைத்தார்கள். இவ்வளவு நல்ல வானத்துக்குக் கீழே மூச்சுத் திணறலா என்று கேட்கத் தோன்றும். வானம் தெளிவாக இருப்பது வேறு, பூட்டிய அறைக்குள் காற்று சுத்தமாக இருப்பது வேறு. கொசுவர்த்திச் சுருள், சாமி மாடத்து ஊதுபத்தி, விறகடுப்பு, பரண்மேல் கரப்பான், வருடக்கணக்கில் வெயில் காணாத பஞ்சு மெத்தைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் தூசிப்பூச்சி என்று ஆஸ்துமாவுக்கு வேண்டிய எல்லாமும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. முயல் கடைசியாக வந்து சேர்ந்த விருந்தாளி. பழி முதலில் அதன்மேல் விழுகிறது.

நாடு முழுக்கப் பார்த்தால் நிலவரம் கவலைப்பட வைக்கிறது. 2019-ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமைக் கணக்கின்படி இந்தியாவில் ஆஸ்துமா உள்ளவர்கள் ஏறத்தாழ 3.4 கோடிப் பேர். உலக ஆஸ்துமா நோயாளிகளில் இது சுமார் 13 சதவீதம். ஆனால் உலகில் ஆஸ்துமாவால் நேரும் மரணங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இங்கேதான் நிகழ்கின்றன. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை: தினமும் எடுக்க வேண்டிய மருந்தை எடுக்காமல், மூச்சு முட்டும்போது மட்டும் எதையாவது எடுப்பது. முயல் விவகாரத்திலும் இதே பழக்கம்தான் குறுக்கே வருகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

எச்சிலில் இருக்கிறது சூட்சுமம்

'முடி கொட்டுது, அதான் அலர்ஜி' என்று எல்லோரும் சொல்வார்கள். முடி வெறும் வண்டிதான். உண்மையான குற்றவாளி முயலின் எச்சிலிலும், தோலிலிருந்து உதிரும் பொடியிலும், சிறுநீரிலும் இருக்கும் சில புரதங்கள். முயல் பூனையைப் போலவே ஓயாமல் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. எச்சில் முடியில் பட்டுக் காய்கிறது. காய்ந்தது பொடியாகிக் காற்றில் மிதக்கிறது. மிதப்பது நெஞ்சுக்குள் போகிறது. இந்தப் புரதங்களுக்கு விஞ்ஞானிகள் முயலின் லத்தீன் பெயரைச் சுருக்கி 'ஓரி சி' என்று பெயரிட்டு எண் கொடுத்திருக்கிறார்கள். பத்தாண்டுகளுக்குச் சற்று முன்பு லக்ஸம்பர்க் ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட 'ஓரி சி 3' இவற்றில் முக்கியமானது. முயல் அலர்ஜி உள்ளவர்களில் பெரும்பாலோரின் ரத்தம் இதை எதிர்க்கிறது.

எதிர்ப்பது என்றால் என்ன? அலர்ஜி உள்ளவரின் உடல் இந்தச் சாதுவான புரதத்தைக் கிருமி என்று தப்பாக எடுத்துக்கொண்டு, ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து வைக்கிறது. அடுத்த முறை முயல் பக்கத்தில் வந்ததும் அந்த ஐஜிஇ மணியடிக்க, மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. மூக்கு ஒழுகும், கண் அரிக்கும், தும்மல் அடுக்கும். மூச்சுக்குழலில் இது நடந்தால் குழலைச் சுற்றியுள்ள தசை இறுகி, உட்சுவர் வீங்கி, சளி அடைத்து, 'கொய்' என்ற சத்தம் கேட்கத் தொடங்கும்.

இந்த ஐஜிஇ கண்டுபிடிக்கப்பட்ட கதையில் முயலுக்கே பங்கு உண்டு. 1966-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில், ஜப்பானிலிருந்து வந்த கிமிஷிகே, தெருகோ இஷிஸாகா தம்பதி, ராக்வீட் என்ற களையின் மகரந்தத்தால் அவதிப்பட்டவர்களின் ரத்தத்திலிருந்து அலர்ஜிக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுக்க முயன்றார்கள். அது ரத்தத்தில் இருந்ததோ மிகமிகக் கொஞ்சம். அதை அடையாளம் காண, அந்தச் சாரத்தை முயல்களுக்குச் செலுத்தி, முயல்களின் ரத்தத்தில் உருவான எதிர்ப்புப் பொருளைக் கருவியாக்கிக்கொண்டார்கள். சோதனைக்குத் தங்கள் தோலையே கொடுத்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்வீடனில் யோஹான்சனும் பென்னிக்கும் வேறு வழியில் அதே பொருளைக் கண்டடைந்தார்கள். 1968-இல் அதற்கு ஐஜிஇ என்ற பெயர் அதிகாரபூர்வமானது. முயல் அலர்ஜிக்கு ரத்தப் பரிசோதனை என்று இன்று செய்யும்போது ஆய்வகம் தேடுவது அதைத்தான். இன்னொரு உறவும் இதில் ஒளிந்திருக்கிறது. அந்த ராக்வீடின் பங்காளிச் செடிதான், ஆலங்காயம் சாலையோரம் எங்கும் வெள்ளைப் பூவோடு நிற்கும் பார்த்தீனியம். முயலுக்குப் புல் அறுக்கப் போகிறவர் அதை உரசிவிட்டு வந்து தும்மினால், கூண்டில் இருக்கும் முயல்தான் கெட்ட பெயர் வாங்கும்.

காலக்கணக்கும் மனிதரை ஏமாற்றும். மாலை ஆறு மணிக்கு முயலோடு விளையாடிய பிள்ளை அப்போது இரண்டு தும்மல் போட்டுவிட்டு நன்றாகத்தான் இருக்கும். நள்ளிரவில் இழுப்பு வரும். அலர்ஜியின் இரண்டாவது அலை நான்கிலிருந்து எட்டு மணி நேரம் கழித்தும் எழக்கூடியது. 'ராத்திரி தயிர் சாப்பிட்டான், அதான்' என்று தயிருக்குத் தண்டனை கிடைக்கும்.

முயல் செய்யாத குற்றங்கள்

முயலுக்கு வேண்டிய புல்லும் படுக்கையும் கூடவே கொண்டுவரும் தொல்லைகள் தனி ரகம். மேலைநாட்டில் திமோதி என்ற காய்ந்த புல்லைக் கொடுக்கிறார்கள். இப்போது அது இணையக் கடைகளில் பாக்கெட்டில் கிடைக்கிறது. அதை உதறினால் கிளம்பும் தூசியும் புல் மகரந்தமும், முயல் அலர்ஜியே இல்லாத ஆஸ்துமாக்காரரைக்கூட இரும வைத்துவிடும். நம் பக்கத்தில் இதற்குச் சமமானது காய்ந்த கடலைக்கொடி. நிலக்கடலை விளையும் மாவட்டம் என்பதால் மலிவாகக் கிடைக்கும், முயலும் விரும்பித் தின்னும். மழையில் ஒருமுறை நனைந்துவிட்டால் அதில் பூஞ்சை ஏறும். அந்தப் பூஞ்சை மனிதரின் மூச்சுக்கு மட்டும் எதிரி இல்லை. அது சுரக்கும் நச்சு முயலின் ஈரலையும் கெடுக்கும். கருத்துப்போன கொடியை இரண்டு பேரின் நலனுக்காகவும் குப்பையில் போட வேண்டும்.

பச்சையாகக் கொடுப்பது வீசிங் வீட்டுக்கு நல்லது. அருகம்புல், வேலிமசால், அகத்தி, கல்யாண முருங்கை இலை எல்லாம் தூசி கிளப்பாதவை. புல்லைப் பூ விடுவதற்கு முன் அறுத்து, கழுவி, தண்ணீர் வடிந்தபின் போட்டால் மகரந்தப் பிரச்சினையும் குறையும். நாரில்லாமல் வெறும் கீரையும் கேரட்டும் கொடுத்தால் முயலின் வயிறு கெட்டுவிடும் என்பதால், புல் இல்லாத உணவுத் திட்டம் மட்டும் சரிப்படாது.

அடுத்தது மூத்திர வாடை. முயலின் சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா அலர்ஜி அல்ல, நேரடியான எரிச்சல். அது ஏற்கெனவே புண்ணான மூச்சுக்குழலில் மிளகாய் தூவியதுபோல வேலை செய்யும். முயலுக்கும் அதே கதைதான். முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. நாறும் கூண்டில் இருக்கும் முயலுக்கு மூக்கொழுகல் நோய் சீக்கிரம் பிடிக்கும். கூண்டருகே போனதும் கண் எரிந்தால், சோதனைக்கு எழுதிக் கொடுக்கும் முன் கூண்டைக் கழுவிப் பார்ப்பது சிக்கனம்.

கையிலும் வயிற்றிலும் அரிப்போடு சிவப்புப் பொட்டுகள் வந்தால் அதையும் உடனே அலர்ஜிக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. முயலுக்கு வரும் சொறிப்பூச்சி மனிதர் தோலிலும் தற்காலிகமாகக் கடித்துவைக்கும். செய்லடியெல்லா என்ற ஒரு பூச்சி முயலின் முதுகில் பொடுகுபோல நடமாடும். உற்றுப் பார்த்தால் பொடுகு நகர்வது தெரியும். காதுக்குள் பொருக்குத் தட்டியிருந்தால் அது இன்னொரு பூச்சி. வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது பிள்ளைக்கும் ஒட்டும். இவை எல்லாவற்றுக்கும் கால்நடை மருத்துவரிடம் மருந்து இருக்கிறது. பூச்சிக்கு ஐவர்மெக்டின் போட்டு முயல் தேறினால் வீட்டாரின் அரிப்பும் நின்றுவிடும். மருந்தின் அளவை மட்டும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆட்டுக்கு வாங்கிவைத்த புட்டியிலிருந்து கண்ணால் பார்த்து ஊற்றும் வேலை வேண்டாம். நாய் உண்ணிக்குப் பயன்படும் ஃபிப்ரோனில் மருந்தை முயலுக்குத் தடவவே கூடாது, உயிரே போய்விடும்.

பார்த்துத் தெரிந்துகொள்வது எப்படி?

நிறைய வீடுகளில் செய்யும் சோதனை இது: முயலை ஒரு வாரம் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இழுப்பு குறைகிறதா என்று பார்ப்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் விடை பொய்யாக வரும். பிராணி போனாலும் அதன் புரதம் போகாது. மெத்தையில், சோபாவில், திரைச்சீலையில், துணியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பூனை விஷயத்தில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பூனையை வெளியேற்றிய வீட்டில் அலர்ஜிப் பொருள் பூனையில்லாத வீட்டின் அளவுக்கு இறங்கப் பல மாதங்கள் ஆயின. அதனால் ஒரு வாரத்தில் இழுப்பு குறையவில்லை என்பதற்காக முயல் நிரபராதி என்று விடுதலை செய்துவிடவும் முடியாது. மாறாக, பள்ளி விடுமுறையில் பிள்ளை பாட்டி வீட்டுக்குப் போய்ச் சுகமாக இருந்துவிட்டுத் திரும்பிய அன்றே இழுத்தால் அது ஒரு தடயம். தடயம்தான், தீர்ப்பு இல்லை. பாட்டி வீட்டில் முயலோடு சேர்த்துப் பழைய மெத்தையும் கரப்பானும்கூட இல்லாமல் இருந்திருக்கலாம்.

கொஞ்சம் நம்பகமான வழி, பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் குழாய். மருந்துக் கடையில் சொல்லிவைத்தால் வரவழைத்துக் கொடுப்பார்கள். காலையும் மாலையும் ஊதி, முள் காட்டும் எண்ணை நோட்டில் எழுதிவைக்க வேண்டும். எந்த நாளில் கூண்டு கழுவினார்கள், எந்த நாளில் முயல் உள்ளே வந்தது, எந்த நாளில் வீட்டில் சாம்பிராணி போட்டார்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டால், இரண்டு மூன்று வாரங்களில் ஓர் உருவம் தெரியும். அந்த நோட்டோடு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

அதன்பின் தோல் பரிசோதனை. முன்கையில் சொட்டுச் சொட்டாகச் சாரங்களை வைத்து லேசாகக் குத்துவார்கள். பதினைந்து நிமிடத்தில் 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடிப்பு எழுந்தால் அந்தப் பொருளுக்கு அலர்ஜி. வேலூரில் 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிவைத்த சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளில் அலர்ஜிப் பரிசோதனை செய்கிறார்கள். ஆனால் எங்கே போனாலும் பட்டியலில் முயல் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. தூசிப்பூச்சி, கரப்பான், நாய், பூனை, மகரந்தம் வழக்கமாக இருக்கும். முயல் இல்லாமலும் போகலாம். அப்போது முயலுக்கான ஐஜிஇ ரத்தப் பரிசோதனையைக் கேட்கலாம். செட்ரிசின் மாதிரியான மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தோல் பரிசோதனை பொய்யாகிவிடும் என்பதால், ஒரு வாரம் முன்பே மருத்துவரைக் கேட்டு நிறுத்த வேண்டும்.

மருத்துவரிடம் முயலைப் பற்றியே பேசாமல் வரும் குடும்பங்களும் உண்டு. 'சொன்னா தூக்கிப் போடச் சொல்வாரு' என்ற பயம். நோயாளி மறைக்க, மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போக, முயல் பாட்டுக்குக் கட்டிலுக்கடியில் படுத்திருக்கும். இதில் ஒரு பங்கு தப்பு, வந்த வாய்க்கு முதல் வார்த்தையாகத் தீர்ப்புச் சொல்லும் மருத்துவர்களுடையது.

இந்த இழுபறி ஆலங்காயத்துக்கு மட்டும் சொந்தமில்லை. சிறுவயதில் ஆஸ்துமாவால் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கிய தியோடர் ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபரானபோது, அவருடைய பிள்ளைகள் வெள்ளை மாளிகையை ஒரு மிருகக்காட்சிச் சாலையாக்கி வைத்திருந்தார்கள். அதில் பீட்டர் என்ற முயலும் இருந்தது. 1904-இல் அது செத்தபோது பிள்ளைகள் நடத்திய சவ ஊர்வலத்தை ரூஸ்வெல்ட் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில் வர்ணித்திருக்கிறார். பராக் ஒபாமாவின் மூத்த மகள் மாலியாவுக்கு நான்கு வயதில் ஆஸ்துமா தாக்கியது. நாய் வாங்க ஆசைப்பட்டபோது அலர்ஜி குறைவு என்று பெயர் பெற்ற போர்ச்சுகீசிய நீர் நாயைத் தேடிப் பிடித்தார்கள். 2009-இல் 'போ' வந்தது. ஐந்து வயதிலிருந்து ஆஸ்துமா என்று 2018-இல் வெளிப்படையாகச் சொன்ன பிரியங்கா சோப்ராவின் வீட்டிலும் நாய்கள் உண்டு.

'அலர்ஜி வராத இனம்' என்ற நம்பிக்கை மட்டும் ஆராய்ச்சியில் நிற்கவில்லை. அப்படிப் பெயர் வாங்கிய நாய்கள் இருந்த வீடுகளையும் மற்ற நாய்கள் இருந்த வீடுகளையும் 2011-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து ஒப்பிட்டபோது வித்தியாசம் தெரியவில்லை. முயல் விற்பவர் குட்டைமுடி ரெக்ஸ் இனத்தைக் காட்டி 'இது முடி கொட்டாது சார், வீசிங் வராது' என்றால் சிரித்துவிட்டு நகரலாம். ரெக்ஸுக்கும் எச்சில் உண்டு.

வெளியே வைத்தால் வெயில், உள்ளே வைத்தால் இழுப்பு

அலர்ஜி உறுதியாகிவிட்டது, ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இருக்கிறது, முயலையும் பிரிய முடியாது. இந்த நிலையில் இருக்கும் குடும்பத்துக்கு, லண்டன் அடுக்குமாடிக்காரரிடம் இல்லாத ஒரு வசதி ஆலங்காயத்தில் உண்டு: வாசல், திண்ணை, கொல்லை. அங்கே கம்பளம் விரித்த அறைக்குள் முயலோடு குடியிருந்துகொண்டு காற்றுச் சுத்திகரிப்புப் பெட்டிக்குச் செலவழிக்கிறார்கள். இங்கே முயலைக் கொல்லைக்கு மாற்றினாலே பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. மிச்சமிருப்பது வெயில்.

வீட்டு முயல் நம் மண்ணின் பிராணி அல்ல. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்திலிருந்து உலகெங்கும் பரவிய, பூமிக்குள் வளை தோண்டிக் குளிர்ச்சியில் படுக்கும் விலங்கு. அதற்கு வியர்க்காது, உடம்புச் சூட்டை முக்கியமாகக் காது வழியாகத்தான் வெளியேற்றும். 15 முதல் 25 டிகிரி வரை சுகம். 30-ஐத் தாண்டினால் தவிக்கத் தொடங்கும். 35-க்கு மேல் காற்றோட்டமும் இல்லாவிட்டால் மதியத்துக்குள் செத்துக் கிடக்கும். அரசு தன் முயல் பண்ணைகளை எங்கே வைத்தது என்று பார்த்தாலே புரியும். கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரில் மத்திய ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம். நீலகிரி சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நிலையம். சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட் இனங்கள் தமிழ்நாட்டில் பரவியதில் இந்த மலை நிலையங்களுக்குப் பங்கு உண்டு. அங்கே குளிரில் வளரும் இனத்தைக் கொண்டுவந்து ஜவ்வாது அடிவாரத்தில் தகரக் கூரைக்கடியில் வைத்தால் அது என்ன செய்யும்?

தகரத்தை விட்டுவிட்டுத் தென்னங்கீற்று வேய வேண்டும். வேப்பமரமோ புங்கமரமோ நிழல் தரும் இடத்தில், மேற்கு வெயில் படாதபடி கூண்டை நிறுத்த வேண்டும். உள்ளே பெரிய மண்பானை ஒன்றைப் படுக்கப் போட்டால் முயல் அதையே வளையாக நினைத்துப் புகுந்துகொள்ளும். பானையின் முதுகில் ஈரச் சாக்கு. குளிர்பதனப் பெட்டி இருக்கும் வீட்டில் தண்ணீரை உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தால் முயல் அதன்மேல் சாய்ந்து படுக்கும். மின்விசிறியை நம்பி உள்ளே கொண்டுவர வேண்டிய தேவை பெரும்பாலும் இப்படியே தீர்ந்துவிடும். ஆனால் முயலைக் குளிப்பாட்டிக் குளிர்விக்கப் பார்க்கக் கூடாது. நனைந்த முயல் அதிர்ச்சியிலேயே இறந்துபோகலாம். அலர்ஜியைக் கழுவுகிறேன் என்று குளிப்பாட்டுவதும் அதே ஆபத்து. ஈரத்துணியால் மேலோட்டமாகத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரவில் தெருநாய், பூனை, கீரி, பாம்பு. கம்பி வலை வலுவாக இருக்க வேண்டும். அடித்தளம் முழுக்கக் கம்பியாக இருந்தால் முயலின் பாதம் புண்ணாகும், ஒரு பலகையாவது வேண்டும்.

கூண்டு கழுவும் வேலை வீசிங் இல்லாதவருடையது. அப்படி யாரும் இல்லாவிட்டால் முகக்கவசம் போட்டு, முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, பிறகு அள்ள வேண்டும். காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்குவதைப்போல ஆஸ்துமாவுக்கு அழைப்பு விடுக்கும் வேலை வேறில்லை. மரக்கடை இழைப்புத் தூளுக்குப் பதில் பழைய செய்தித்தாள் விரிப்பது நல்லது. முடி கொட்டும் பருவத்தில் சீவிவிடுவதை வெட்டவெளியில் செய்ய வேண்டும். முயலைத் தூக்கிக் கொஞ்சிய சட்டையோடு பிள்ளை படுக்கைக்குப் போகக் கூடாது. கையையும் முகத்தையும் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுப் போகட்டும். படுக்கையறை மட்டும் எக்காலத்திலும் முயலுக்குத் தடை.

'ஜோடியாக வாங்கினால்தான் வாழும்' என்று சொல்லி விற்பார்கள். முயலுக்குத் துணை வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஆணும் பெண்ணுமாகச் சேர்த்தால் 31 நாளில் குட்டிகள்; ஈன்ற அன்றே அடுத்த சினையும் பிடிக்கக்கூடும். ஆறு மாதத்தில் கொல்லை முழுக்க முயல், காற்று முழுக்க 'ஓரி சி'. வீசிங் வீட்டுக்கு இது கட்டுப்படியாகாது.

மருந்து முயலுக்காக அல்ல

முயல் இருந்தாலும் போனாலும் ஆஸ்துமா மருந்து அதன் வழியில் நடக்க வேண்டும். இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் வழுக்குகின்றன. 'இன்ஹேலர் எடுத்தா பழக்கமாயிடும்' என்ற பயம் இன்னும் போகவில்லை. அதனால் மருந்துக் கடையில் மாண்டிலூகாஸ்ட் கலந்த மாத்திரையை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். அந்த மருந்து சிலருக்கு மனநிலை மாற்றங்களை உண்டாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. கண்காணிப்பில்லாமல் எடுக்க வேண்டிய மருந்து அல்ல. இன்னொரு பக்கம், ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் மிருகசீரிஷக் கார்த்தி நாளில் ஹைதராபாத்தில் பத்தினி குடும்பத்தார் கொடுக்கும் உயிர் மீன் மருந்துக்கு இங்கிருந்தும் ரயில் ஏறுகிறவர்கள் உண்டு. போய்வரட்டும். இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டுப் போவதுதான் பிரச்சினை.

இரண்டு வகை இன்ஹேலர் உண்டு. இறுகிய குழலை உடனே தளர்த்தும் சால்பூட்டமால் ஒன்று. குழலின் வீக்கத்தைத் தினந்தோறும் தணித்துவைக்கும் ஸ்டீராய்டு வகை இன்னொன்று. பலர் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் சால்பூட்டமாலை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவான 'கினா' 2019-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. இன்ஹேலரில் போகும் ஸ்டீராய்டின் அளவு மைக்ரோகிராம் கணக்கு. மாத்திரையில் போவதோ மில்லிகிராம் கணக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பேசர் குழாய் மாட்டிக் கொடுத்தால் மருந்து தொண்டையில் தங்காமல் நெஞ்சுக்குப் போகும். செட்ரிசின் தும்மலுக்கு உதவும், இழுப்புக்கு அது மருந்தாகாது. முயலைக் கொஞ்சுவதற்கு முன் இரண்டு இழுப்பு மருந்து எடுத்துக்கொண்டு தைரியமாக உட்காருவது ஆபத்தான குறுக்குவழி. குழல் திறந்திருப்பதால் தொல்லை தெரியாது, உள்ளே வீக்கம் ஏறிக்கொண்டே இருக்கும்.

மகரந்தத்துக்கும் தூசிப்பூச்சிக்கும் கொடுப்பதுபோல, அலர்ஜிப் பொருளையே கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி உடலைப் பழக்கும் ஊசி முறை 1911-இல் லண்டனில் லியோனார்டு நூன் தொடங்கிவைத்தது. முயலுக்கு அப்படிப்பட்ட தரப்படுத்திய மருந்து சாதாரணமாகக் கிடைப்பதில்லை.

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் மூச்சு வாங்குவது, விலா எலும்புக்கிடையில் தோல் உள்ளே இழுபடுவது, உதடு நீலமாவது, இன்ஹேலர் எடுத்தும் தணியாமல் இருப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மலைச் சாலையில் இருக்கும் வீடுகள் இன்னும் சீக்கிரம் கூப்பிட வேண்டும்.

ஒழுங்காக மருந்து எடுத்தும், முயலைக் கொல்லைக்கு மாற்றியும், இரவில் எழுந்து உட்காரும் நிலை தொடர்ந்தால் முயல் போகத்தான் வேண்டும். அதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. ஒருமுறையாவது மூச்சுத் திணறலால் மருத்துவமனையில் படுத்த பிள்ளைக்கு அலர்ஜியும் உறுதியானால், இந்தச் சோதனை முயற்சிகளையெல்லாம் தாண்டி நேரே இந்த முடிவுக்கு வந்துவிடலாம்.

போகும் முயலை ஜவ்வாதுக் காட்டில் விட்டுவிட்டு வருவது விடுதலை ஆகாது. கூண்டில் பிறந்த வெள்ளை முயலுக்கு ஒளியத் தெரியாது. ஓர் இரவு தாங்காது. அந்தக் காட்டில் ஏற்கெனவே இருப்பது கழுத்தின் பின்புறம் கறுத்த காட்டு முயல். அது வேறு இனம், வளை தோண்டாமல் புதரில் வாழ்வது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பிராணி என்பதால், அதைப் பிடித்து வந்து வளர்ப்பதும் குற்றம். வீட்டு முயலைத் தெரிந்த குடும்பத்துக்கோ ஒழுங்கான பண்ணைக்கோ கூண்டு, தின்னும் புல்லின் பட்டியல், போட்ட மருந்துகளின் விவரம் சகிதம் ஒப்படைக்கலாம். முயல் எட்டுப் பத்து ஆண்டுகள் இருக்கும் என்பதையும் வாங்குகிறவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒப்படைத்த பிறகு மெத்தை, தலையணை உறைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டாலும், இன்ஹேலரை மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. வீட்டில் ஒட்டியிருப்பது மறைய மாதங்கள் ஆகும். அதற்கு முன்பு, முயலை வாங்கிக்கொள்ள வந்திருப்பவரிடம் ஒரு கேள்வி பாக்கி: உங்க வீட்ல யாருக்காவது வீசிங் உண்டாங்க?